மேஸ்திரியின் நம்பர்

செல்போன் கடை வைப்பது என்றால், கம்பெனிக்காரன் செய்த அக்கிரமத்துக்கு நாம் உட்கார்ந்து திட்டு வாங்குவது. மைசூரில் வருஷக்கணக்காக வாங்குகிறேன். நீங்களும் ஏதாவது ஒரு திட்டத்தில் மாட்டியிருப்பீர்கள். படியுங்கள்.

சுவர்

முருகேசன் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. ஹனூர்ப் பக்கம் கௌதள்ளிக்காரர். இலவச போன் என்று ஆசை காட்டி, இரண்டு வருஷ போஸ்ட்பெய்டில் கட்டிப்போட்டிருந்தார்கள். மாதாமாதம் பில் ஏறியது. போன் விரிசல் விட்டது, ஒப்பந்தம் விடவில்லை. "அந்த நம்பரைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குய்யா" என்றேன்.

"எப்படிங்க போடறது? வேலை பாத்த ஊடெல்லாம் செவுத்துல இந்த நம்பரத்தானுங்க எழுதி வெச்சிருக்கறேன். அதப் பாத்துத்தானுங்க அடுத்த வேலைக்கே கூப்புடறாங்க!"

ஷோரூம்

நம்பர் போகாமல் கம்பெனி மாறலாம். சட்டம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா என்று கேட்க மேஸ்திரியோடு ஷோரூமுக்குப் போனேன். டோக்கன் கொடுத்தார்கள். ஏசியில் உட்காரவைத்தார்கள். அரை நாள் போயிற்று. டை கட்டிய ஒருவன் சிரித்துக்கொண்டே வந்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. முடிந்துவிட்டது என்ற ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் என் தொண்டை வற்றிப்போயிற்று.

கடைசியில் சொன்னான்: "போகணும்னா போங்க சார். அதை எதுக்கு எங்ககிட்ட வந்து கேக்கறீங்க?"

ஊர்ப் பாசம்

மாறுவதற்கு விண்ணப்பம் போட்டேன். மறுநாளே பழைய கம்பெனியிலிருந்து மேஸ்திரிக்கு போன். நல்ல தமிழ். ஹனூர்ப் பக்கத்துப் பெண்ணாம். "அண்ணா, போகாதீங்கண்ணா, சலுகை தர்றோம்" என்றிருக்கிறாள். சம்மதத்துக்காக மெசேஜில் வந்த ஓடிபி எண்ணை இவரும் அவளிடம் படித்துக் காட்டியிருக்கிறார். தீர்ந்தது. விண்ணப்பம் ரத்து, இன்னொரு வருஷக் கட்டு. சலுகை மூன்றே மாதம். அப்புறம் பழைய பில்லேதான். எனக்கு ரத்தம் கொதித்தது. "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையாய்யா?" என்று கத்தினேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "நம்மூருப் புள்ளைங்க. அண்ணாங்குது. மூஞ்சில அடிச்சாப்பல எப்படிங்க சொல்றது?"

அதே குரல்

அந்த வருஷமும் தொலைந்தது. மறுபடி விண்ணப்பம். இந்த முறை மேஸ்திரியைக் கடையிலேயே உட்காரவைத்து, போனை என் பக்கம் வைத்துக்கொண்டேன். அடித்தது. எடுத்தேன். "அண்ணா, நான் ஹனூர்..." அவ்வளவுதான். ஊரைக் காட்டி ஊரானையே கழுத்தறுக்கிறாயே, கூலிக்காரன் வயிற்றில் அடிக்கத்தான் தமிழ் கற்றாயா என்று பொரிந்து தள்ளினேன். வைத்துவிட்டாள். மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வேறொரு நம்பரிலிருந்து அழைப்பு. அதே குரல், ரகசியம் பேசுவதுபோல.

"ஐயா, இது என் சொந்த போனுங்க. அங்க பேசறதெல்லாம் பதிவாகுதுங்க. அண்ணன்கிட்ட சொல்லிருங்க, நம்பர் மாறுற வரைக்கும் எங்க ஆபீஸ்லருந்து யார் கூப்பிட்டாலும், நானே கூப்பிட்டாலும், எடுக்க வேண்டாமுங்க."

எடுக்கவில்லை. வேறு கம்பெனியின் புது சிம்மில் பழைய நம்பர் உயிரோடு வந்துவிட்டது. உள்ளே சம்பளம் வாங்குகிறவளே திருட்டுத்தனமாகக் கதவைத் திறந்துவிட்டால்தான் வெளியே வர முடியும் என்றால், அதற்கு வாடிக்கையாளர் சேவை என்று பெயர் வைக்க ஒரு கம்பெனிக்காரனுக்குத்தான் தைரியம் வரும்.