மேனேஜர் வைக்காத எலுமிச்சம்பழம்

1. கையுறை

லெட்சுமியின் கையுறையை ஸ்க்ரூ கன்வேயர் தின்றுவிட்டது. கையுறை பெரிய சைஸ் என்பதால் கை மட்டும் உருவிக்கொண்டு வெளியே வந்தது. எங்கள் மில்லில் ஆனைக்கும் பூனைக்கும் ஒரே சைஸ் கையுறைதான். அதற்காக நான் பலமுறை வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் திட்டவில்லை.

பெடாஸ் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் நான் பிட்டர். மெஷின் உடைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். உடையாமல் இருக்க வழி சொன்னால் காதைச் சொறிவார்கள்.

வெந்த குலையிலிருந்து உதிரும் பழத்தை, நீளமான இரும்புத் தொட்டிக்குள் சுற்றும் பெரிய திருகு ஒன்று தள்ளிக்கொண்டு போகும். அதுதான் ஸ்க்ரூ கன்வேயர். ஓரத்தில் சிந்துகிற பழத்தை வாரி உள்ளே போடுவது லெட்சுமியின் வேலை. முன்பு அதற்கு இரும்புத் தகட்டில் மூடி இருந்தது. அடைப்பு எடுக்கும்போதெல்லாம் போல்ட் கழற்ற நேரமாகிறது என்று மேனேஜர் மூடியையே கழற்றச் சொல்லிவிட்டார். தகடு வீணாகவில்லை. ஆபீஸ் முன்னால் ஓடும் லொங்காங் சாக்கடைமேல் அதைப் பாலமாகப் போட்டு, காரை வாசல் வரை ஏற்றி நிறுத்துகிறார். ஐயா மழையில் நனையக் கூடாதாம்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். சிரம்பான்காரர், நம்ம ஆள்தான். லெட்சுமியின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கை இருக்குதானே? அப்புறம் என்ன லா?"

"இருக்கு பாஸ். நாளைக்கும் இருக்கணும்ல" என்றாள் அவள்.

நான் குறுக்கே போனேன். "அந்தத் தகட்டைக் குடுங்க பாஸ். இப்பவே மாட்டிடறேன்."

"அண்ணே, நீங்க ஒண்ணு. முனியாண்டிக்குக் கிடா வெட்டி ரொம்ப நாளாச்சு. அதான் கோளாறு. பூஜையைப் போடுங்க, எல்லாம் சரியாயிடும்."

"மூடி போடாம நான் அங்க நிக்க மாட்டேன் பாஸ்" என்றாள் லெட்சுமி.

"அங்க நிக்க முடியாட்டி வீட்டுல நில்லு. பூஜை முடிஞ்சதும் வேலைக்கு வரணும். இல்லாட்டி வராதே."

கை வேண்டுமா, வேலை வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

2. கிடா

மில் கேட்டுக்குப் பக்கத்தில் முனியாண்டி இருக்கிறார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நான் கும்பிடுகிறவன், கறியும் தின்கிறவன். ஆனால் ஸ்டீம் பைப் வெடித்தால் கிடா, லோடிங் ரேம்பில் லோரி கவிழ்ந்தால் கிடா என்று அவரை மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட்டாக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் மில்லில் ஸ்பேர் பார்ட்டைவிட ஆடு சீக்கிரம் வரும். வெடித்த பைப்புக்கு வால்வு கேட்டேன். ஆடு வந்து, வெந்து, செரித்தும் போனது. வால்வைக் காணோம்.

நம்ம ஆட்கள் மட்டும் யோக்கியமா? கறி என்றதும் பாதிப் பேர் வால்வை மறந்துவிட்டார்கள்.

3. பழம்

பூஜையன்று மேனேஜர் வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, மாப்பிள்ளை மாதிரி வந்தார். கிடா வெட்டியாயிற்று. பிறகு எல்லா மெஷினையும் பழமில்லாமல் சும்மா ஓடவிட்டு, பூசாரி ஒவ்வொன்றிடமும் போவார். அந்தந்த மெஷினில் வேலை செய்கிறவர், தான் நிற்கிற இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட வேண்டும். அது எங்கள் மில் வழக்கம்.

பூசாரி வேறு யாருமில்லை, பாய்லர் ஆறுமுகம்தான். ஸ்க்ரூ கன்வேயர் அருகே வந்து லெட்சுமியிடம் பழத்தை நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு வேணாண்ணே. பூஜை போட்டா சரியாயிடும்னு சொன்னவரு வைக்கட்டும்."

ஆறுமுகம் என்னைப் பார்த்தார். நான் விடுவேனா?

"ஆமா, பாஸ் கையால வச்சா முனியாண்டிக்கும் பெருமைதான்."

மேனேஜர் சிரித்துக்கொண்டே பழத்தை வாங்கினார். தொட்டியருகே போய்க் குனிந்தார். உள்ளே திருகு சுற்றிக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த துண்டு நழுவி, அதன் நுனி தொட்டிக்குள் தொங்கியது. துண்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பின்னால் குதித்தார்.

"மெஷினை நிறுத்து லா!"

"எங்க பாஸ் நிறுத்துறது?" என்றாள் லெட்சுமி. "சுவிட்சு அந்தக் கடைசியில இருக்கு. நாங்க கத்துவோம். யாரு காதுலயாச்சும் விழுந்தா நிறுத்துவாங்க."

லெட்சுமி அதோடு விடவில்லை.

"கிடாதான் வெட்டியாச்சே. ஒண்ணும் ஆகாது பாஸ். வைங்க."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் முகம் வியர்த்துவிட்டது. பழத்தைக் கையிலேயே உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"பிட்டர், இதுக்கு மூடி இருந்துச்சே?"

"இருக்கு பாஸ். அதுமேலதான் உங்க கார் ஏறி இறங்குது."

காரை நகர்த்தச் சொல்லிச் சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார். கறிச்சட்டி இறக்குவதற்குள் மெஷினை நிறுத்தி, மெயின் சுவிட்சைப் பூட்டி, தகட்டை மாட்டிவிட்டேன். கார் ஏறி ஏறி நடுவில் குழிந்திருந்தது. அடித்துப் பார்த்தும் முழுசாக நிமிரவில்லை. பரவாயில்லை, கை உள்ளே போகாது.

லெட்சுமி மேனேஜர் கையிலிருந்த பழத்தை வாங்கி, அந்தக் குழியில் வைத்துக் கும்பிட்டாள். பழம் உருளவில்லை. மறுநாள் அவள் அதே இடத்தில் வேலைக்கு நின்றாள்.

உடனே மில் திருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்னொரு கன்வேயர் இன்னும் திறந்துதான் கிடக்கிறது. வால்வு இன்னும் வரவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனிடம் ஆபத்தைப் பற்றிப் பேசாதே, வாய்தான் வலிக்கும். நீ நிற்கிற இடத்துக்குக் கூட்டிவந்து, கொஞ்ச நேரம் அவனை நிற்க வை. எங்கள் மேனேஜரின் கார் இப்போது லொங்காங்குக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. மழை வந்தால் தலையில் பைலை வைத்துக்கொண்டு ஓடுகிறார். லெட்சுமி இரண்டு கையாலும் டாட்டா காட்டுகிறாள்.