டெல்பர்ட்டின் மதியப் பிரசங்கம்

வெங்காய வில்லைகளை ரொட்டிக்குள் அடுக்கும்போதே டெல்பர்ட் ஸ்டாட்லர் ஆரம்பித்துவிடுவார்.

"மறுபடியும் லெட்டர் வந்திருக்கு. அறுபத்தஞ்சு தாண்டிட்டியே, கிழவங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ், மெடிகேர் எடுத்துக்கோங்கிறான். கிழிச்சுக் குப்பையில போட்டேன். உழைக்கிறவனுக்கு எதுக்குய்யா அரசாங்கப் பிச்சை?"

எங்கள் நாற்காலி ஆலையின் சாப்பாட்டு அறை மேசையைத் தட்டும். "பெருசு, உன்னை எலெக்‌ஷன்ல நிறுத்தணும்!" என்று யாராவது கத்துவார்கள். இண்டியானாவில் இந்தப் பேச்சுக்கு எப்போதும் கிராக்கி உண்டு.

மரக்கால்களைத் தேய்த்து மெருகேற்றுவது அவர் வேலை. நாற்காலிகளோடு பேசிக்கொண்டேதான் தேய்ப்பார். "காலை நீட்டு அம்மணி. கூசுதா? ஆச்சு, ஆச்சு." ஞாயிறு பாட்டுகளை முணுமுணுப்பார், ஒரு பாட்டுக்கும் வரிகள் தெரியாது. இப்போதெல்லாம் குனிந்தால் நிமிர்வதற்கு ஏதாவது ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறார். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறோம்.

பிரசங்கம் சுத்தப் புளுகு. ஆலையின் காப்பீடு இருக்கும்வரை மெடிகேரைத் தள்ளிப்போடலாம், அதில் தவறில்லை. ஆனால் அவர் ஆலையை விடாததற்குக் காரணம் கொள்கை அல்ல, மனைவி ஜுவானிட்டா. அவருக்கு இவரைவிட ஒன்பது வயது குறைவு, மூட்டுவாதம் வேறு. ஆலைக் காப்பீட்டில்தான் அவருடைய ஊசி மருந்து வருகிறது. டெல்பர்ட் ஓய்வுபெற்றால் டெல்பர்ட்டுக்கு மெடிகேர் கிடைக்கும்; அறுபத்தைந்து ஆகாத ஜுவானிட்டாவுக்கு ஒன்றும் கிடைக்காது. சர்ச் விருந்தில் நான் ஜுவானிட்டாவின் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டபோது அவரே சொன்னது இது. "வெளிய சொல்லிடாதம்மா. பொண்டாட்டிக்காக இந்த வயசுலயும் மாடா உழைக்கிறான்னு யாராவது உச்சுக்கொட்டினா, மனுஷன் செத்தே போயிடுவாரு."

நானும் வாயைத் திறக்கவில்லை, லோவல் வரும்வரை.

லோவல் ஃபென்டர் வார்னிஷ் பிரிவில் இருந்தவர், டெல்பர்ட்டின் உயிர்த் தோழர். வசந்தத்தில் ஓய்வுபெற்றார். இலையுதிர் காலத்தில் ஒரு மதியம் டோனட் பெட்டியோடு எங்களைப் பார்க்க வந்தவர், வாசல் படியேறியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டர்கிட்ட போனியா?" என்றேன்.

"இன்சூரன்ஸ்தான் வேலையோட போச்சே. மெடிகேர் லெட்டரையும் இவனை மாதிரியே கிழிச்சுப் போட்டுட்டேன். ஊர்ல சொன்ன சொல்லுல நிக்கிறவன் டெல்பர்ட் ஒருத்தன். அவனுக்கு அடுத்து நான்."

எல்லோரும் கைதட்டினார்கள். டெல்பர்ட் காதுமடல் வரை சிவந்துபோனார். ரொட்டியைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த "ம்"முக்காக அவர் எவ்வளவு வெட்கப்பட்டார் என்பது அன்று முழுவதும் தெரிந்தது. நாற்காலிகளோடுகூட ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பக்கத்தில் போய், வேலையை விட்ட எட்டு மாதத்துக்குள் மெடிகேரில் பதியாவிட்டால் லோவல் ஆயுள் முழுக்க அபராதம் கட்ட வேண்டும், டாக்டரைப் பார்க்காமல் அந்த நெஞ்சு எத்தனை நாள் தாங்கும் என்றும் தெரியாது என்றேன். தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மதியம் எழுந்து நின்றார். ரொட்டியைப் பிரிக்கவே இல்லை.

"நான் பேசினதெல்லாம் பொய். ஜுவானிட்டாவோட ஊசிக்காகத்தான் இங்க கிடக்கிறேன். கொள்கையும் இல்ல, மண்ணும் இல்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலை டெல்பர்ட் போய் உண்மையைச் சொன்னதும் லோவல் வீட்டு வாசலிலேயே சண்டை. "அப்போ என்னை மட்டும் முட்டாளாக்கிட்டியாடா?" "ஆமாண்டா. திட்டுறதை வண்டியில ஏறித் திட்டு. நாளைக்குக் காலையில உன் பேரைப் பதியப் போறோம்." எட்டு மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன.

நான்தான் கார் ஓட்டினேன். மெடிகேருக்குப் பதியும் அலுவலகத்தில் பாதி இருக்கைகளில் எங்கள் ஊர்க்காரர்கள், டெல்பர்ட்டின் பேச்சுக்கு மேசை தட்டியவர்கள். லோவல் தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டார்.

"லோவல் ஃபென்டர்!" என்று கூப்பிட்டார்கள். லோவல் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, லோவலுக்குப் பதிலாக டெல்பர்ட் தன் கையை உயரத் தூக்கினார்.