பெயர் வைக்கும் முன் ஓர் ஊசி

கடற்கரை அடுப்புகளில் சாளை மீனை அடுக்கிப் புகை போட்டு விற்பது திபோரின் பிழைப்பு. கணவன் ம்பிசான் பாதி நாள் படகிலேயே கிடப்பவன். வீட்டில் அவளோடு மகள் சிகாவும், ம்பிசானின் அக்கா ந்தெல்லாவும் இருந்தார்கள். திபோர் இரண்டாவது முறை உண்டானபோது ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள்.

அங்கே பிரசவம் பார்க்கும் நர்ஸ் அரமத்தா, ஜோலா இனத்தவள். ஒரு ஜோலாவும் ஒரு செரேரும் எதிர்ப்பட்டால் ஒருவரையொருவர் அடிமை, சோத்துப்பானை என்று விளையாட்டாக வம்புக்கு இழுக்காமல் விடமாட்டார்கள்; இரண்டு இனத்துக்கும் பழைய கேலி உறவு அது. அன்று அவள் செரேர்க்காரியான திபோரை வம்புக்கு இழுக்கவில்லை. அதைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று திபோர் புரிந்துகொண்டாள்.

“ஹெபடைட்டிஸ் பி. கல்லீரல்ல உக்காந்துக்கிட்டு மெதுவா அரிக்கிற கிருமி. உனக்குச் சின்ன வயசுலயே வந்திருக்கும்.”

சேதி தெரிந்ததும் ந்தெல்லா கேட்டாள்: “எவன்கிட்ட வாங்கிட்டு வந்தேன்னு நீயே சொல்லிடு.”

ம்பிசானோ எல்லோரும் கைவைத்துச் சாப்பிடும் கிண்ணத்தை விட்டுவிட்டுத் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தான். அடித்திருந்தால்கூட திபோர் பொறுத்திருப்பாள்.

“நீயும் சிகாவும் ரத்தம் குடுங்க. அப்புறம் பேசலாம்” என்றாள் திபோர் அவனிடம்.

இருவரும் கொடுத்தார்கள். சிகாவின் ரத்தத்தில் கிருமி இருந்தது.

“உனக்கும் சின்ன வயசுல வந்திருக்கு, உன் உடம்பு விரட்டிடுச்சு” என்றாள் அரமத்தா ம்பிசானிடம். “பச்சப்புள்ளைக்கு வந்தா பெரும்பாலும் போகாது. சிகாவுக்கு ஆத்தாகிட்டேருந்து வந்திருக்கும், அவளுக்கு அவ ஆத்தாகிட்டேருந்து. இதுல யாரு எவன்கூடப் போனாங்கற பேச்சுக்கே இடமில்ல. ஒண்ணாச் சாப்பிட்டா தொத்தாது, போய்ச் சேந்து சாப்பிடு.”

திபோரின் அம்மா கண் மஞ்சளாகி, வயிறு வீங்கிச் செத்தவள். யாரோ வைத்த சூனியம் என்று ஊர் பேசியது. அரமத்தா சொன்னதைக் கேட்டுவிட்டு வந்த அன்று திபோர் அடுப்பைப் பற்றவைக்காமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் எதுவும் வைக்கவில்லை. அம்மா தெரியாமல் கொடுத்தாள்; தானும் தெரியாமல் கொடுத்திருக்கிறாள். யாரைக் கோபித்துக்கொள்வது?

“சிகாவுக்கு ஆறு வாரம் கழிச்சுதான் ஊசி போட்டோம். கிருமி முந்திக்கிச்சு” என்று அரமத்தா சொல்லியிருந்தாள். “இந்தப் புள்ளைக்குப் பொறந்த ஒரு நாளுக்குள்ள போட்டுடணும்.”

பிள்ளை மழைக்காலத்தில், சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. பாதை முழுக்கத் தண்ணீர். விடியும் நேரத்தில் ந்தெல்லாதான் கையில் ஏந்தினாள். ஆண் பிள்ளை.

“துணியில சுத்திக் குடுங்க மதினி. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“எட்டாம் நாள் பேர் வைக்கிற வரைக்கும் புள்ள வாசல் தாண்டக் கூடாது. உனக்குத் தெரியாததா?”

திபோர் எழுந்து நிற்கப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “சிகாவையும் நீங்கதான் கையில வாங்குனீங்க. அவளுக்கு இருக்கறது இவனுக்கும் வரணுமா?”

ந்தெல்லா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றே திபோர் நினைத்தாள்.

உச்சிப்பொழுதில் ந்தெல்லா தொடைவரை நனைந்து திரும்பினாள். பின்னால், தலையில் குளிர்பெட்டியோடு அரமத்தா.

“புள்ள வெளிய போகக் கூடாதுன்னுதான் சொன்னேன். ஊசி உள்ள வரக்கூடாதுன்னு யாரு சொன்னா?” என்றாள் ந்தெல்லா.

“அடிமை வீட்டுக்கு எசமானி நடந்து வர்ற காலமாப் போச்சு” என்றாள் அரமத்தா.

“சோத்துப்பானை, வாயை மூடிக்கிட்டு ஊசியைப் போடு” என்றாள் திபோர்.

பிள்ளை வீறிட்டது. திபோர் அழுதுகொண்டே சிரித்தாள்.

எட்டாம் நாள் அவனுக்கு வாலி என்று பெயர் வைத்தார்கள். மற்ற ஊசிகளும் தவறாமல் போட்டார்கள். ஒரு வயது தாண்டியபின் சோதித்ததில் அவன் ரத்தத்தில் கிருமி இல்லை. திபோரும் சிகாவும் வருஷத்தில் இரண்டு முறை நகரத்துக்குப் போய்க் கல்லீரலைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். மருந்து இன்னும் தேவைப்படவில்லை.

ஒருமுறை பஸ்ஸில் சிகா கேட்டாள்: “ஏம்மா, நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் இது?”

“எங்களுக்கு அப்ப தெரியல கண்ணு” என்றாள் திபோர். சிகா அம்மாவின் மடியில் தலை சாய்த்து, ஊர் வரும்வரை தூங்கினாள்.