ஒரே மோட்டார் போதும்

பல்லால் கடித்தே ஒயரின் தோலை உரிக்கிறார் பாப்பாயி. உரித்ததைத் துப்பிவிட்டு, ஓர் ஒயருக்குக் குங்குமமும் மற்றொன்றுக்கு மஞ்சளும் தொட்டு வைக்கிறார். பழைய டேப் ரெக்கார்டரிலிருந்து கழற்றிய மோட்டாரில் இரண்டுமே கறுப்பு ஒயர்கள். குங்குமம் கூட்டல், மஞ்சள் கழித்தல் என்பது அவரே வகுத்துக்கொண்ட விதி. "பொட்டு வெச்சாப் போதுமுங்க, இதுக்குப் புஸ்தகம் எதுக்கு?"

ராமாபுரத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவர். ஆறு நாள் ஊதுவத்தித் தொழிற்சாலை; ஏழாம் நாள் பொம்மைக் கார். தகரத்தில் உடல், மருந்துப் புட்டியின் ரப்பர் மூடியில் சக்கரம். நீண்ட ஒயரின் மறுமுனையில் ஒரு பழைய சோப்பு டப்பா; அதற்குள் பேட்டரிகளும் சுவிட்சும். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு காரை ஓட்டவேண்டும். மோட்டார் முரண்டு பிடித்தால், "திங்கறதுக்கு மட்டும் ரெண்டு பேட்டரி கேக்குதா?" என்று அதட்டுவார்.

தசராவுக்கு இன்னும் பத்து நாள். பொம்மைக் கடை நஞ்சுண்டசாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: சுவரில் முட்டிய கார் கையால் தொட்டுத் திருப்பாமலே பின்னால் வரவேண்டும், வந்தால்தான் அவரது அலமாரியில் இடம். பக்கத்துக் கடை சைக்கிள் மெக்கானிக் சந்துரு சிரித்தார். "ரிவர்சுக்கு இன்னொரு மோட்டார் போடணும் அக்கா. சும்னே ஆசைப்படாதீங்க."

"கரண்டு இப்படிப் போனா வண்டி முன்னால, அப்படிப் போனா பின்னால. ஏரைத் திருப்பறதுக்கு வேற மாடா கட்டுறோம்?"

தொழிற்சாலைக்கு விடுமுறையான வியாழக்கிழமை காரோடு அவர் வந்தபோது, பொம்மை வாங்கப் போயிருந்த நானும் நஞ்சுண்டசாமி கடையில் இருந்தேன். மேசை முன் உட்கார்ந்து, காரை அதன்மேல் வைத்துச் சுவிட்சை முன்னே தள்ளினார். கார் முன்னே போயிற்று. பின்னே தள்ளினார், அப்போதும் முன்னேதான் போயிற்று.

சந்துரு கை தட்டினார். "அக்கா, வண்டி உங்களாட்டமே இருக்கு. பின்வாங்கறதே இல்லை!"

பாப்பாயி எழுந்து போகவில்லை. கடை மேசையிலேயே டப்பாவைத் திறந்து உற்றுப் பார்த்தார். "அட, சோப்பு பட்டு மஞ்சளெல்லாம் செவந்து போச்சுங்க!" எல்லா ஒயரும் குங்குமமாகத் தெரிந்ததில், சுவிட்சில் ஒயர் மாட்டும் ஆறு கால்களில் மூலைக்கு மூலை குறுக்காகப் போகவேண்டிய இரண்டு ஒயரும் நேராகப் போயிருந்தன.

"பேடம்மா, இப்ப வேண்டாம், நாளைக்குப் பாக்கலாம்," என்றார் நஞ்சுண்டசாமி.

"நாளைக்கு எனக்கு வேலை இருக்குதுங்க."

இரண்டையும் பிடுங்கினார்; கடித்தார்; குறுக்காக மாற்றி முறுக்கினார். கார் கல்லாப்பெட்டியில் போய் முட்டியது. சுவிட்சைப் பின்னே தள்ளியதும், முட்டிய வேகத்தில் பின்னால் வந்தது. சந்துரு குனிந்து காருக்கடியில் இரண்டாவது மோட்டாரைத் தேடினார். பாப்பாயி மறுபடியும் காரை முன்னே ஓட்டி நஞ்சுண்டசாமியின் எதிரே நிறுத்தினார்.

"ஆயிதம்மா, சரி, அலமாரில வெச்சுக்கறேன். ஆனா பொம்பளை பண்ணுனதுன்னா யாரு நம்பறா? சந்துரு பண்ணுனதுன்னு சொல்லிக்கறேன்," என்று அவர் காரை எடுக்க இரண்டு கைகளையும் நீட்டினார்.

பாப்பாயி கட்டைவிரலால் சுவிட்சைப் பின்னே தள்ளினார். நீட்டிய கைகளை விட்டு விலகி, மேசை நெடுகப் பின்னோக்கி ஓடி, கார் பாப்பாயியின் மடியில் வந்து விழுந்தது.