ஃபைன் காய்

செங்கோட்டையில் இருக்கும் அக்காவும் குத்துக்கல்வலசையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நானும் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பஸ் ஏறினால் அரைமணி நேரம்கூட ஆகாது. அவள் கொழுந்தனுக்காக, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு வேன் நிறைய ஆட்களோடு என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டாள். எல்லார் முன்னாலும் நான் முடியாது என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்கும் போனவள் நான் ஒருத்திதான். என் வேலையை நானே தேடிக்கொண்டேன். அன்று சொன்னதில் இன்றும் எனக்கு வருத்தமில்லை. அவள் பேச்சை நிறுத்தினாள், நானும் நிறுத்தினேன்.

சீசனில் ஊரே கும்பல் கும்பலாகக் குற்றாலத்துக்குப் போகும். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். பையையும் மாற்றுத்துணியையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், சாரலில் சும்மா நின்றுவிட்டுத் திரும்பினேன். அன்று சாயங்காலம்தான் போனில் கேரம் ஆட அழைப்பு வந்தது. அனுப்பியவர் படமாக அக்கா மகளின் முகம். அந்தப் பிள்ளை இன்னும் நடக்கவே பழகவில்லை. ஆடுவது யாரென்று கேட்க வேண்டியதில்லை.

அதிலிருந்து தினமும் ஆடினோம். சின்ன வயதில் நாங்கள் ஆடினால் தெருவுக்கே சத்தம் கேட்கும். ஸ்ட்ரைக்கர் கோட்டைத் தொட்டதா, கை நகர்ந்ததா, ரெட்டுக்கு அடுத்த காய் விழுந்ததா இல்லையா என்று அடிக்கு ஒரு சண்டை. போனில் சண்டைக்கு வழியில்லை. ஸ்ட்ரைக்கர் கோட்டை விட்டு விலகவே விலகாது. காய் எந்தப் பக்கம் ஓடும் என்று முன்கூட்டியே ஒரு கோடு காட்டும். பாயிண்ட்டும் தானே ஏறும், தானே இறங்கும். பேச ஆசைப்பட்டால் சிரிக்கிற பொம்மை ஒன்று, அழுகிற பொம்மை ஒன்று. இரண்டையும் நாங்கள் தொட்டதில்லை. ஆட்டம் முடியும், திரை அணையும், அறையில் ஃபேன் மட்டும் சுற்றும்.

போன வாரம் ஆட்டத்தின் நடுவே போன் அடித்தது. அக்கா. எடுத்தேன். யாரும் ஹலோ சொல்லவில்லை.

"ஏட்டி, ஃபைன் காய நீதான வைக்கே?"

ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் அபராதமாக ஒரு காயைத் திரும்பப் பலகையில் வைக்க வேண்டும். வைப்பது எதிராளியின் உரிமை. நடு வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அந்தக் காலத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் அழவைத்தது அந்த இடத்தில்தான்.

படித்த பெருமை எனக்கு முந்திக்கொண்டது. போனில் அதை யாரும் வைப்பதில்லை, ஆட்டமே காயை நட்டநடுவில் கொண்டுவந்து போட்டுவிடும், புரோகிராமை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று விளக்கினேன்.

"அப்போ நீ வைக்கல."

"இல்லக்கா."

"எப்பவும் லேசா அடிக்கிற இடமாப் பாத்து வைக்காளே, கோவம் போயிட்டுன்னுல்லா நெனச்சேன்."

எத்தனை மாதமாக அப்படி நினைத்துக்கொண்டிருந்தாளோ. ஒவ்வொரு முறை காய் நடுவில் வந்து உட்கார்ந்தபோதும் நான் அவளுக்கு ஏதோ சொன்னதாக அவள் கணக்கில் இருந்திருக்கிறது. நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. என் பக்கத்தில் ஆட்டத்துக்கான நேரம் ஓடி முடிந்து, முறை அவளுக்குப் போனது. அவளும் அடிக்கவில்லை.

"சரி, நீ வச்சா எங்கன வைப்ப?"

லேசான இடத்தில் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"ரெட்டுக்குப் பின்னால. உனக்கு வாட்டமே கெடைக்காத எடத்துல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகையா சிரிப்பா, எனக்குப் பிடிபடவில்லை.

"வைப்ப, வைப்ப. நீ வைக்கக்கூடியவதான். ஞாயித்துக்கெழம இங்கன வந்து வை, பாப்போம்."

அதற்குள் பிள்ளை அழ, போனை வைத்துவிட்டாள். அவள் அடிக்காமலே நேரம் முடிந்து, திரையில் ஆட்டம் எனக்கு வெற்றி என்று காட்டியது.