தெரியாது என்று சொன்ன பிறகு

இலங்கை மலையகத்தில் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஆசிரியப் பயிற்சிக்குத் தெரிவான முதல் பெண் ஜீவராணி. அம்மா ராக்காயி கொழுந்து பறிப்பவர். அப்பா ஆண்டியப்பனுக்குத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. 2002இல் ஹட்டனுக்கு அருகிலிருந்த கல்லூரிக்கு அவள் புறப்பட்ட காலையில், லயம் எனப்படும் வரிசை வீடுகளின் சனமெல்லாம் ரோட்டுவரை வந்து வழியனுப்பியது. அன்றே அவளுக்கு 'டீச்சரம்மா' என்று பெயரும் விழுந்துவிட்டது.

அந்தப் பெயர்தான் அவளைப் படுத்தியது. முதல் மாதமே, ஒப்படைகளை, அதாவது எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டுரைகளை, எல்லோரும் கணினியில் தட்டச்சுச் செய்து அச்செடுத்துத் தர வேண்டும் என்று அறிவித்தார்கள். ஜீவராணி கணினியைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாள். ஆங்கில எழுத்துப் பொறித்த விசைகளைத் தட்டித் தமிழ் எழுத்தை வரவைக்க வேண்டுமாம். 'அம்மா' என்று அடிக்கப் போனால், நடுவில் வரும் 'ம்'முக்குப் புள்ளி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. பக்கத்து இருக்கைகளில் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. கேட்டால் சிரிப்பார்கள் என்று பயந்து, தலைவலி என்று சொல்லிக் கணினி அறைக்குப் போவதையே நிறுத்தினாள்.

விடுதி அறையில் உடனிருந்தவள் யசோதினி, யாழ்ப்பாணத்துப் பெண். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நினைப்பில் அவளிடமும் வாய் திறக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வாசித்தது எதுவும் மண்டையில் நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை துணிமணி எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"என்னால ஏலாதும்மா. நான் திரும்பிப் போகல."

ராக்காயி மகளின் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை.

"ஏலாட்டி வந்துரு. நாங்க என்ன, நீ டீச்சராகணும்னா ஒன்னய பெத்தோம்? மொதல்ல சாப்புடு."

"லயத்துல எல்லாரும் என்னா சொல்லுவாங்க?"

"சொல்றவுக ரெண்டு நாளைக்கிச் சொல்லுவாக," என்றார் அப்பா. "அப்பறம் அவுகவுக வேலயப் பாப்பாக."

ஜீவராணி அன்று வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பகலெல்லாம் தூங்கினாள். தோற்றாலும் வந்து சேர ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்ததும், தோற்பதில் இருந்த பயம் பாதியாகிவிட்டது. திங்கட்கிழமை அவளாகவே கல்லூரிக்குத் திரும்பினாள். அறைக்குள் நுழைந்ததும் யசோதினியிடம் சொன்னாள்:

"எனக்குக் கம்பியூட்டரே தெரியாதுங்க. நீங்க கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா?"

யசோதினி சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, எனக்கும் தெரியாதப்பா! சண்டையால எங்கட ஊரில கனகாலம் கரண்டே இல்லை. நான் விளக்கிலதான் படிச்சனான். உமக்குத் தெரியுமெண்டு நினைச்சுத்தான் நான் பேசாமல் இருந்தனான்."

மறுநாள் இருவரும் சேர்ந்தே கணினி அறைக்குப் போனார்கள். இருவரும் சேர்ந்து தாளில் எழுதிய ஒப்படையை ஒருத்தி சத்தமாக வாசிப்பாள். மற்றவள் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தட்டுவாள். ஒரு வரி முடிவதற்குள் அதன் பொருளைப் பற்றி நாலு வார்த்தை பேச நேரமிருந்தது. குழந்தைகள் மொழி கற்கும் விதம்தான் தலைப்பு. ஜீவராணி லயத்துப் பிள்ளைகளின் பேச்சைச் சொல்வாள், யசோதினி தன் ஊர்ப் பிள்ளைகளின் பேச்சைச் சொல்வாள். சில சமயம் தட்டுவதையே மறந்துபோவார்கள்.

ஒப்படைக்க வேண்டிய நாளில், தட்டியதைச் சேமித்து வைத்திருந்த புளொப்பித் தட்டு திறக்கவே மாட்டேன் என்றது. தட்டியதெல்லாம் போய்விட்டது; கையெழுத்துப் பிரதியை ஏற்கவும் மாட்டார்கள். விரிவுரையாளர் துரைராசாவின் முன்னால் வெறுங்கையோடு போய் நின்றார்கள்.

"அப்ப, எழுதினதைச் சொல்லுங்கோ பாப்பம்," என்றார் அவர்.

ஜீவராணி ஆரம்பித்தாள். அவள் விட்ட இடத்தில் யசோதினி பிடித்துக்கொண்டாள். மணியடித்தும் அவர் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும், "உங்கட ஒப்படை கிடைச்சிட்டுது. அச்சுப் பிரதியைப் பிறகு ஆறுதலாத் தாங்கோ," என்றார். அதன் பிறகு எல்லா மாணவர்களும் ஒப்படையைத் தருவதோடு அதைப் பற்றிப் பேசவும் வேண்டும் என்று ஆக்கிவிட்டார். ஒரே புளொப்பியிலிருந்து பிரதியெடுத்துத் தலைப்பை மாற்றிக் கொடுத்துவந்தவர்கள் இருவரையும் நெடுநாள் திட்டித் தீர்த்தார்கள்.

பயிற்சி முடிந்து ஜீவராணிக்குத் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் நியமனம் கிடைத்தது. யசோதினி ஊருக்குத் திரும்பினாள். 2006 தொடக்கத்தில் ஜீவராணியின் கலியாணத்துக்கு அவள் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் மாறி, ரயில் மாறி, களைத்துப்போய் வந்து சேர்ந்தாள். ராக்காயி ஓடிப்போய் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"எம் புள்ளய டீச்சராக்குனது நீதாம்மா."

"இல்லை அம்மா," என்றாள் யசோதினி. "இவ அண்டைக்கு வாய் திறந்து கேட்டிருக்காட்டி நானும் பெட்டியைக் கட்டியிருப்பன்."

பக்கத்தில் ஜீவராணி மருதாணிக் கையோடு நின்றிருந்தாள். அம்மாவையும் தோழியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "மொதல்ல சாப்புடுங்க" என்று தோழியைப் பந்திக்கு இழுத்துப் போனாள்.