தாளில் பதிந்த வெள்ளி விரல்

அந்த நீளத் தாள் இன்னும் என் அலமாரியில் மடித்தபடி இருக்கிறது. இரண்டு தாள்களைப் பசை போட்டு ஒட்டியது. அதன் வலது ஓரத்தில் ஒரு வெள்ளிக் கட்டைவிரல் ரேகை. அலுமினியப் பொடி, சோப்புக்கெல்லாம் மசியாது.

விரலுக்குரியவர் நாரணாபுரம் பட்டாசு யூனிட்டில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கும் அறையில் மூத்தவர். எல்லோருக்கும் அக்கா. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அந்தப் பட்டாசுக் கம்பெனியின் சிவகாசி ஆபீசில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை, சம்பளம் வாங்கிய கையோடு அவர் நேராக என் மேஜைக்கு வந்து நின்றார். அடுத்த மாதத்தோடு அவர்கள் அறையை மூடப்போகிறார்களாம். விற்பனை ரிப்போர்ட்டில் அவர்கள் சரக்கே இல்லையாம்.

எப்படி இருக்கும்? எங்கள் ஊரில் சீசனுக்குச் சீசன் லேபிள் மாறும், பெயர் மாறும். அந்த வருஷம் அக்கா அறையின் பூச்சட்டிக்கு ‘நீலத் தாமரை’ என்று புதுப் பெயர். ரிப்போர்ட்டோ எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. இடப்பக்கம் ஊர்கள்; மேலே தலைப்புகளாகப் பழைய பட்டாசுப் பெயர்கள், அதுவும் கையால் அடித்து வைத்தவை. புதிதாக எது வந்தாலும் கடைசியில் ‘இதர’ என்ற பத்தியில் போய் விழும். அதைச் சொன்னேன்.

“இதரன்னா யாரு தாயி? நாங்களா?” என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மேனேஜர் அண்ணாச்சியிடம் போனேன். “வருசா வருசம் பேரு மாறும். அம்புட்டுக்கும் நீ தலைப்பு போட்டுக்கிட்டே இருப்பியாக்கும்? தாளும் பத்தாது. போயி சோலியப் பாரு,” என்றார். “நான் போட வேண்டாம் அண்ணாச்சி, சரக்கே போட்டுக்கிடும்,” என்றேன். வாய்த்துடுக்குதான். இன்றைக்கும் அதற்காக வருந்தவில்லை.

கணக்கைக் கேட்டு வாங்கும் கம்ப்யூட்டர் மொழியான எஸ்.க்யூ.எல்.லில் அதற்கு வழி இருந்தது. எந்தெந்தப் பெயரில் சரக்கு போயிருக்கிறது என்று விற்பனை அட்டவணையிடமே முதலில் கேட்பது. வந்த பெயர்களைக் காற்புள்ளி போட்டு ஒரே சரமாகக் கோப்பது. அந்தச் சரத்தை, வரிசையில் இருப்பதைத் தலைப்புகளாகத் திருப்பிப் போடும் பிவோட் கட்டளைக்குள் செருகி ஓடவிடுவது. முதல் ஓட்டத்தில் மண்ணைக் கவ்வியது. பெயர்களுக்கு நடுவே இடைவெளி இருந்தது அதற்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பெயரையும் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்தேன், ஓடியது. இனி எந்த லேபிள் வந்தாலும் தன் தலைப்போடு தானே வந்து நிற்கும்.

அண்ணாச்சி சொன்ன மாதிரியே தாள் பத்தவில்லை. சிவகாசியில் பசைக்கா பஞ்சம்? ஒட்டினேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு முதலாளி அறைக்குள் போய் மேஜையில் விரித்தேன். ‘நீலத் தாமரை’க்குக் கீழே சாத்தூரில் தொடங்கிக் கடைசி ஊர் வரை ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. அக்கா அதன் மேல் கட்டைவிரலை ஊன்றினார்.

“இங்கன இருக்கோம் மொதலாளி. இப்பச் சொல்லுங்க, மூடப் போறீகளா?”

முதலாளி ஊர் ஊராக எண்களைப் பார்த்துவிட்டு, மேனேஜரைக் கூப்பிடச் சொன்னார். அறை மூடப்படவில்லை.

இப்போது சென்னையில் இருக்கிறேன். நேற்று ஆபீசில் ஒரு ரிப்போர்ட் திரைக்குள் அடங்கவில்லை என்று, சின்னதையெல்லாம் ‘இதர’வில் தள்ளச் சொன்னார்கள். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். நாளை இந்தத் தாளை எடுத்துப் போய் அவர்கள் மேஜையில் விரிக்கப் போகிறேன். அக்காவின் விரல் அப்படியே ஊன்றி நிற்கிறது.